புரொபேஷன்

வேலைக்குச் சேர்ந்த புதிதில் 'இன்னும் புரொபேஷனில்தான் இருக்கிறான்' என்பார்கள். அதற்கு அரசாணைகளில் 'தகுதிகாண் பருவம்' என்ற நல்ல தமிழ் உண்டு. நீதிமன்றத்தில் இதே சொல்லுக்குப் பொருள் வேறு. ஆள் குற்றவாளி என்று தீர்ப்பாகிவிட்டது. ஆனாலும் சிறைக்கு அனுப்பாமல் வெளியே விட்டு, எப்படி நடந்துகொள்கிறார் என்று பார்ப்பது.

சோதித்துப் பார்த்தல் என்ற பொருளுள்ள லத்தீன் வினைதான் இரண்டுக்கும் வேர். நீதிமன்ற நடைமுறையில் இதை நிலைக்கச் செய்தவர் வக்கீலோ நீதிபதியோ அல்ல, அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்தில் காலணி செய்துவந்த ஜான் அகஸ்டஸ். 1841-இல் குடிப்பழக்கத்துக்காகப் பிடிபட்ட ஒருவரைத் தன் பொறுப்பில் ஜாமீன் எடுத்தார். மூன்று வாரம் கழித்துத் தெளிந்து வந்து நின்றவருக்கு நீதிபதி போட்ட அபராதம் ஒரே ஒரு சென்ட், வழக்குச் செலவு தனி. மாசசூசெட்ஸ் மாநிலம் இதற்கென்று சட்டம் இயற்றியது 1878-இல்தான். அகஸ்டஸ் அதற்கு வெகுமுன்பே காலமாகிவிட்டார்.

இந்தியாவில் 1958-ஆம் ஆண்டின் குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டம் இருக்கிறது. சிறு திருட்டு போன்ற குற்றங்களில், முன்பு தண்டனை பெறாதவரை எச்சரித்தே அனுப்பிவிடலாம். மரண தண்டனையோ ஆயுள் தண்டனையோ விதிக்கத்தக்க குற்றமாக இல்லாவிட்டால், பிணைப்பத்திரம் எழுதி வாங்கிக்கொண்டு விடலாம். பத்திரத்தின் காலம் அதிகபட்சம் மூன்று ஆண்டு. தேவைப்பட்டால் நன்னடத்தை அலுவலரின் மேற்பார்வையிலும் வைக்கலாம். அப்படி வைத்தால் ஓராண்டுக்குக் குறையக்கூடாது. நிபந்தனையை மீறினால் பழைய குற்றத்துக்கே தண்டனை வரும். முதல் மீறலுக்கு மட்டும் ஐம்பது ரூபாய்வரை அபராதத்தோடு விடவும் வழியுண்டு. 1958-இல் அது சின்னத் தொகையில்லை!

சட்டம் அதிகம் இரங்குவது 21 வயது நிரம்பாதவர்களிடம். குற்றம் ஆயுள் தண்டனைக்குரியதாக இல்லாவிட்டால், அவர்களைச் சிறைக்கு அனுப்ப நினைக்கும் நீதிபதி முதலில் நன்னடத்தை அலுவலரின் அறிக்கையைக் கேட்டு வாங்கவேண்டும். அப்புறமும் சிறைதான் என்றால் காரணத்தை எழுதிவைக்கவேண்டும்.

சரி, தமிழில் என்ன சொல்வது? தமிழக அரசும் இலங்கை அரசும் 'நன்னடத்தை' என்றே எழுதுகின்றன. அதைத் தனியாக விட்டால் குழப்பம்தான். 'நன்னடத்தை காரணமாக விடுதலை' என்று செய்தியில் வருவது, பல ஆண்டு உள்ளே இருந்தவருக்குத் தண்டனையைக் குறைப்பது. பரோலும் வேறு, சிறையிலிருப்பவர் சில நாள் வெளியே போய்த் திரும்பும் விடுப்பு அது. புரொபேஷனோ சிறைவாசலை மிதிக்காமலே தொடங்குவது. ஆகவே 'நன்னடத்தை மேற்பார்வை' என்று சேர்த்தே எழுதலாம் என்பது என் கட்சி.