மாரிக்கு முன் ஒரு கம்பி கட்டுங்கள்

தொலைத்தொடர்புக் கோபுரங்களைப் பராமரிப்பது என் தொழில். ஹாம் ரேடியோ, அதாவது அனுமதி பெற்று சொந்த ரேடியோவில் தூரத்தில் உள்ளவர்களோடு பேசுவது, என் பொழுதுபோக்கு. தொழிலில் பார்த்த சில விஷயங்கள்தான் பொழுதுபோக்கின் மேல் எனக்கு இவ்வளவு பிடிப்பை உண்டாக்கின.

கோபுரத்துக்குக் கரண்ட் வேண்டும். அது நின்றால் பற்றரி சில மணிநேரம் தாங்கும். ஜெனரேட்டருக்கு டீசல் கொண்டுபோகும் பாதையில் வெள்ளம் நின்றால் அதோடு சரி. எங்கோ மரம் விழுந்து, கோபுரத்தை இணைக்கும் ஃபைபர் கேபிள் அறுந்துவிட்டால் பற்றரி நிறைந்திருந்தும் பயனில்லை. 2020 டிசம்பர் 2 இரவு புரெவி புயல் கரையைக் கடந்தது நம் திருகோணமலைக்கு வடக்கே, கொஞ்சத் தூரத்தில்தான். இந்தக் கரையில் இருப்பவர்கள் போனை மட்டும் நம்பக்கூடாது என்று நான் சொல்வது அதனால்தான்.

ஹாம் ரேடியோவுக்குக் கோபுரம் தேவையில்லை. 12 வோல்ட் கார் பற்றரி, ஒரு ரேடியோ, அன்ரெனாவாக ஒரு செம்புக்கம்பி போதும். 7 மெகாஹேர்ட்ஸ் அலைவரிசைக்கு ஏறக்குறைய 20 மீற்றர் கம்பியை நடுவில் வெட்டி, அங்கே ரேடியோவிலிருந்து வரும் கேபிளை இணைத்து, இரண்டு தென்னைகளுக்கு இடையில் இழுத்துக் கட்டுவேன். மிக உயரமாகக் கட்டவேண்டியதில்லை. தாழக் கட்டினால் அலை நேரே மேலே போய், வானத்தின் அயன மண்டலத்தில் பட்டுத் திரும்பி, பகலில் கொழும்பு, யாழ்ப்பாணம் வரை இறங்கும். கடற்கரையில் தொல்லை கொடுப்பது உப்புக்காற்று. உப்புவெளிப் பக்கம் கட்டிய கம்பியின் இணைப்பு ஒரு மாரி முடியுமுன்பே பச்சை பூத்துவிடும். எதிரே பேசுபவரின் குரல் கரகரக்கும். சுரண்டி, திரும்ப ஈயம் வைத்து, ரப்பர் டேப்பை இறுக்கி இழுத்துச் சுற்றவேண்டும்.

2004 சுனாமியில் அம்பாந்தோட்டையின் தொடர்புகள் அறுந்தபோது, விக்டர் குணதிலக்கவும் நம் நாட்டு ஹாம் நண்பர்களும் சிற்றலையில் கொழும்புக்குச் செய்தி கொண்டுபோனார்கள். அதே நாட்களில் அந்தமானுக்குப் பொழுதுபோக்காக ரேடியோ இயக்கப் போயிருந்த பாரதி பிரசாத், போர்ட் பிளேயரிலிருந்து தவித்த குடும்பங்களுக்குச் செய்தி சொன்னார். இரண்டையும் பாடசாலைப் பிள்ளைகளுக்குத் தவறாமல் சொல்வேன்.

விடுமுறை நாட்களில் அந்தப் பிள்ளைகளோடுதான் என் தொண்டு வேலை. "சேர், போன் இருக்கேக்க இது எதுக்கு?" என்று யாராவது கேட்பார்கள். சர்வதேச விண்வெளி நிலையம் மேலே கடக்கும்போது 145.800 மெகாஹேர்ட்ஸில் குரல் வந்தால் அந்தக் கேள்வி அடங்கிவிடும். அப்புறம் செய்தி அனுப்பப் பழக்குவோம். "பெரிய வெள்ளம், கெதியா வாங்கோ" என்பதை வைத்து யாரும் உதவ முடியாது. எந்த இடம், எத்தனை பேர், என்ன தேவை, எத்தனை மணி: இவற்றை எழுதிவைத்து வாசிக்கவேண்டும். கேட்டவர் அதைத் திருப்பிச் சொல்லவேண்டும். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117க்கு அழைத்தாலும் இதே ஒழுங்குதான். நெரிசலில் அழைப்பு போகாவிட்டால் குறுஞ்செய்தி அனுப்பிப் பாருங்கள். பல நேரம் அது போய்ச் சேரும்.

ஒரு எச்சரிக்கை. மலிவாகக் கிடைக்கிறது என்று கையடக்க ரேடியோவை வாங்கி, கண்ட அலைவரிசையில் பேசாதீர்கள். 156.8 மெகாஹேர்ட்ஸ் கடலில் உயிருக்குப் போராடுபவர் உதவி கேட்கும் அலைவரிசை. அங்கே வீண்பேச்சு ஓர் உயிரைக் கொல்லலாம். தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அனுமதிப்பத்திரம் கட்டாயம் வேண்டும். அதற்குப் பரீட்சை உண்டு. மின்னியல் அடிப்படை தெரிந்த உயர்தர மாணவர் ஒருவர் ஒழுங்காகப் படித்தால் சித்தியடையலாம். மூதூர், கிண்ணியா, குச்சவெளிப் பக்கம் ஊருக்கு ஒருவராவது எழுதுங்கள். தமிழில் சொல்லித்தர நான் வருகிறேன்.