கடைசித் துண்டில்தான் விரல் போகிறது

பண்டிகை விடுமுறை முடிந்ததும் எங்கள் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு ஒரு காயம் தவறாமல் வந்துவிடும். கையில் சுற்றிய சமையலறைத் துண்டு, பக்கத்தில் முகம் வெளுத்து நிற்கும் பரிசு கொடுத்தவர். துண்டைப் பிரித்தால் கட்டைவிரல் நுனியில் சிறு நாணயம் அளவுக்குத் தோலும் சதையும் இருக்காது. "கடைசித் துண்டுதான் டாக்டர், அதுவரை அழகாகத்தான் சீவிக்கொண்டிருந்தேன்" என்பார்கள். எதில் வெட்டியது என்று நான் கேட்பதில்லை. காயைத் தேய்த்துச் சீவும், அலகு பதித்த பலகையான ஸ்லைசர்தான்.

சமைப்பதில் ஆசை உள்ளவர்களுக்குக் குறைந்த செலவில் கொடுக்க ஸ்லைசர் நல்ல பரிசு, மறுக்கவில்லை. என் வீட்டிலும் ஒன்று இருக்கிறது. ஆனால் கத்திக்குப் பழகிய கை இதற்குப் பழகியிருப்பதில்லை. கத்தியில் காயைப் பிடித்த கை நிற்கும், அலகு நகரும். ஸ்லைசரில் அலகு அசையாமல் காத்திருக்க, கை அதை நோக்கிப் போகிறது. காய் சிறுக்கச் சிறுக்க ஈரத்தில் வழுக்கும். நாம் இன்னும் அழுத்துவோம். கைக்கு வேகம் பிடித்துப்போவதும் அந்த நேரத்தில்தான்.

கத்தி வெட்டு என்றால் இரண்டு ஓரங்களையும் சேர்த்துத் தைத்துவிடலாம். சீவிய காயத்தில் சேர்க்க ஓரமே இல்லை. எலும்பு தெரியாமல், ஒரு சதுர சென்டிமீட்டருக்குள் இருந்தால், பெரும்பாலும் கட்டுப் போட்டுத் தானாக வளரவிடுவோம். அதற்குச் சில வாரங்கள் ஆகும். நுனி மாதக்கணக்கில் கூசும், அல்லது மரத்துக் கிடக்கும்.

ஸ்லைசர் வந்த பெட்டிக்குள்ளேயே காயைக் குத்திப் பிடிக்க ஒரு பிடிப்பான் இருந்திருக்கும். அது நேராக இழுப்பறைக்குப் போயிருக்கும். விலை குறைந்த சிலவற்றில் பிடிப்பானின் பற்கள் காயைக் கவ்வுவதே இல்லை. அப்படிப்பட்டதை யார்தான் பயன்படுத்துவார்கள்? வாங்கும்போது அலகின் கூர்மையை விட்டுவிட்டு இந்தப் பற்களைப் பாருங்கள். கூடவே வெட்டைத் தாங்கும் கையுறை ஒன்றையும் வாங்கிவிடுங்கள். ஈஎன் 388 என்ற ஐரோப்பியத் தரக்குறி இருந்தால், எண்களை அடுத்து ஏ முதல் எஃப் வரை ஓர் எழுத்து வரும். அது வெட்டைத் தாங்கும் அளவு; எஃப் உச்சம். சீவும் அலகுக்குத்தான் இந்தக் கையுறை. கத்தி முனை குத்தினால் உள்ளே இறங்கும்.

மோட்டாரில் சுழலும் அலகுக்கு அந்தக் கையுறை பதிலே இல்லை. ஹேண்ட் பிளெண்டரில் காயம்பட்டு வருபவர்களில் பலர் அரைக்கும்போது அடிபட்டவர்கள் அல்லர். சிக்கியதை விரலால் எடுக்கிறார்கள். பிடியில் இருக்கும் மறுகை தன்னை அறியாமல் பொத்தானை அழுத்திவிடுகிறது. தசைநாண், நரம்பு என்று எது அறுந்திருக்கும் என்று சொல்ல முடியாது. பிளக்கைப் பிடுங்கிய பிறகே அலகைத் தொட வேண்டும். சார்ஜ் செய்யும் வகையில் பிடுங்கப் பிளக் இல்லை. ஆகவே பூட்டுப் பொத்தான் உள்ளதாகத் தேர்ந்தெடுங்கள்.

நான் விரும்பிக் கொடுப்பது உணவு வெப்பமானி. கோழி இறைச்சியின் நடுப்பகுதி 74 டிகிரி செல்சியஸைத் தொட்டதா என்பதை நிறம் பார்த்துச் சொல்ல முடியாது, இது சொல்லிவிடும். பனிக்கட்டி நிறைந்த நீரில் வைத்தால் பூஜ்யம் காட்ட வேண்டும். ஒரே கவலை அதன் பட்டன் பேட்டரி. குழந்தை விழுங்கி அது உணவுக்குழாயில் சிக்கினால், இரண்டு மணி நேரத்திலேயே கடுமையாக வெந்துபோகலாம். பேட்டரி மூடி திருகாணியோடு இருப்பதையே வாங்குங்கள். விழுங்கியிருக்குமோ என்ற சந்தேகம் போதும், மருத்துவமனைக்கு ஓட வேண்டும். வாந்தி எடுக்க வைக்கக் கூடாது.

விரல் வெட்டுப்பட்டால் சுத்தமான துணியால் பத்து நிமிடம் விடாமல் அழுத்துங்கள். நின்றதா என்று நடுவில் திறந்து பார்க்காதீர்கள். எந்தத் தூளையும் அப்பாதீர்கள். துண்டான பகுதி கிடைத்தால் ஈரத்துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டு, அந்தப் பையைப் பனிக்கட்டி மேல் வைத்துக் கொண்டுவாருங்கள். நேராகப் பனிக்கட்டியில் போட்டால் திசு கெட்டுவிடும்.

இப்போதெல்லாம் ஸ்லைசரைப் பரிசுத்தாள் சுற்றிக் கொடுப்பதில்லை. பெட்டியைத் திறந்து, பிடிப்பானை மேலே வைத்து, கையுறையை மாட்டிவிட்டு, ஒரு வெள்ளரிக்காயை அங்கேயே சீவவைக்கிறேன். ஓர் அங்குலம் மிஞ்சும்போது நிறுத்தச் சொல்வேன். அந்த மிச்சத்தைக் கத்தியால் நறுக்கிக்கொள்ளலாம், வாயிலும் போட்டுக்கொள்ளலாம். பெரும்பாலும் அது என் வாய்க்குத்தான் வரும்.