விதைத்த பூசணமும் ஒட்டிக்கொண்ட பூசணமும்

பொட்டலத்தைப் பிரித்தவுடன் மூக்கில் ஏறும் நெடியை வைத்து, உள்ளே நீலப் பூசணம் வளர்த்த பாலாடைக்கட்டியான ப்ளூ சீஸை எடைபோடாதீர்கள். உறைக்குள் அடைபட்டிருந்த அம்மோனியா வாடை அது. தட்டில் வைத்துக் கால் மணி நேரம் காற்றாட விட்டால் பெரும்பாலும் போய்விடும். அதற்குப் பிறகும் கண்ணை எரிக்கும்படி நின்றால்தான் சீஸ் பதம் தாண்டிவிட்டது என்று பொருள். அதை உண்ண வேண்டாம்.

முதல்முறை சுவைப்பவர்கள் ரோக்ஃபோரில் தொடங்கி, உப்பும் காரமும் தாங்காமல் இந்த வகையையே வெறுத்துவிடுகிறார்கள். ரோக்ஃபோர் செம்மறியாட்டின் காய்ச்சாத பாலில் செய்வது. குறைந்தது 90 நாள் முதிர்வது. தொடங்க ஏற்றது பசும்பாலில் செய்த மென்மையான வகை. பிரான்சின் ஓவேர்ன் பகுதியில், பொசாக் என்ற ஊரில் 1988 முதல் தயாராகும் செயின்ட் அகூர் அப்படி ஒன்று. பெயரைப் பார்த்தால் பழைய புனிதர் ஒருவரின் ஊர் போலத் தோன்றும். அப்படி ஓர் ஊர் இல்லை, நிறுவனம் வைத்த பெயர்தான். வெள்ளைத் தோல் போர்த்திய ப்ரெஸ் ப்ளூ இன்னும் சாது. அதன் தோலையும் உண்ணலாம்.

இந்த மென்மைக்குக் காரணம் கொழுப்பு. செயின்ட் அகூருக்குச் சொல்லப்படும் 60 சதவீதக் கொழுப்பைக் கண்டு மிரள வேண்டாம். நீரை நீக்கிய உலர்பொருளில் போட்ட கணக்கு அது. சீஸில் பாதி நீர் என்று வைத்தால் 100 கிராமில் 30 கிராம் கொழுப்பு வரும். அதுவும் குறைவில்லை, ஆகவே ஒருவருக்கு 20 முதல் 30 கிராம் போதும். பூசணத்தின் நொதிகள் இந்தக் கொழுப்பை உடைக்கும்போது பிறக்கும் கீட்டோன்கள் என்ற வேதிப்பொருள்கள்தாம் ப்ளூ சீஸுக்கே உரிய மணத்தைத் தருகின்றன. உடையாமல் மிஞ்சும் கொழுப்பு நாக்கில் படிந்து காரத்தை அடக்குகிறது.

நீலம் தானாக வந்ததல்ல. பெனிசிலியம் ரோக்ஃபோர்ட்டி என்ற பூசணத்தின் வித்துகளைப் பாலிலோ தயிர்க்கட்டியிலோ கலக்கிறார்கள். பூசணம் வளரக் காற்று வேண்டும். அதனால் கட்டியை அழுத்திப் பிழியாமல் விட்டு, நீண்ட ஊசிகளால் துளையிடுகிறார்கள். வெட்டிய துண்டில் நேர்கோடாக ஓடும் நீலத் தடம் ஊசி போன வழி. வெட்டிய முகம் காற்றுப் பட்டு மறுநாள் இன்னும் பச்சையானால் அது கெடுதல் அல்ல, அதே பூசணம்தான்.

பயப்பட வேண்டியது வேறு நிறங்களுக்கு: இளஞ்சிவப்புப் பிசுபிசுப்பு, ஆரஞ்சுப் புள்ளி, மயிர் போல எழும் கறுப்பு. இவை வெளியிலிருந்து ஒட்டிக்கொண்டவை. கெட்டியான சீஸில் அந்த இடத்தைச் சுற்றி ஆழமாக வெட்டி எறிந்துவிட்டு மீதியை உண்ணலாம். மென்மையான சீஸில் அது கூடாது. பூசண இழைகள் கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே போயிருக்கும். முழுவதையும் எறியுங்கள்.

சுவைப்பதற்கு 30 முதல் 45 நிமிடம் முன்பே குளிர்பெட்டியிலிருந்து எடுத்து வையுங்கள். குளிரில் கொழுப்பு இறுகியிருப்பதால் மணம் வெளிவராது, உப்பு மட்டுமே தெரியும்; முதல் அனுபவம் கசந்துபோவது பெரும்பாலும் இங்கேதான். நடுவிலிருந்து ஓரம் வரை வரும்படி ஆப்பாக வெட்டுங்கள். உப்பை வெளிப்புறம் தேய்ப்பது வழக்கம் என்பதால் ஓரம் கரிக்கும், நடு வெண்ணெயாக இருக்கும். முதல் வாயை ரொட்டி இல்லாமல் எடுங்கள். மெல்லாமல் நாக்கால் அண்ணத்தில் அழுத்திக் கரையவிட்டு, மூக்கால் மூச்சு விடுங்கள். முதலில் பால், பிறகு உப்பு, கடைசியில் மிளகு போன்ற ஓர் உறைப்பு வரும். உறைப்பு கூடுதலாகத் தெரிந்தால் பேரிக்காய்த் துண்டோ துளித் தேனோ ஈடுகட்டும்.

ஆனால் சிலர் தொடவே கூடாது. கர்ப்பிணிகள், முதியவர்கள், நோய் எதிர்ப்பாற்றல் குறைந்தவர்கள் மென்மையான ப்ளூ சீஸைச் சூடாக்காமல் உண்ண வேண்டாம். லிஸ்டீரியா என்ற பாக்டீரியா குளிர்பெட்டியிலும் பெருகும்; கருச்சிதைவு வரை கொண்டுபோகும். பாஸ்டர் முறையில் காய்ச்சிய பால் என்று உறையில் இருந்தாலும், பிறகு கையாளும்போது தொற்று ஏற வாய்ப்புண்டு. ஆவி பறக்கச் சூடாக்கிய சாஸில் சேர்த்தால் உண்ணலாம். அதேபோல், முதிர்ந்த சீஸில் டைரமின் என்ற வேதிப்பொருள் மிகுதி. மன அழுத்தத்துக்கு எம்.ஏ.ஓ. தடுப்பு மாத்திரையோ, காசநோய்க்கு ஐசோநியாசிடோ எடுப்பவர்களுக்கு இது ரத்த அழுத்தத்தைத் திடீரென ஏற்றிவிடும். மருத்துவரைக் கேட்காமல் உண்ணாதீர்கள். சைவ உணவினர் உறையில் ‘ப்ரெஸ்யூர்’ என்ற சொல்லைத் தேடுங்கள். பாலை உறையவைக்கும் அந்தப் பொருளைக் கன்றின் இரைப்பையிலிருந்தும் எடுப்பதுண்டு.

மிஞ்சியதை அது வந்த தாளிலேயே சுற்றி, மூடிய டப்பாவில் 4 டிகிரியில் வையுங்கள். டப்பா கட்டாயம்; இல்லாவிட்டால் வித்துகள் பக்கத்தில் இருக்கும் ரொட்டிக்கும் வெள்ளைச் சீஸுக்கும் தாவும். ஃப்ரீசரில் உறையவைத்தால் உதிர்ந்துபோகும், பிறகு சாஸுக்குத்தான் உதவும்.