கொலம்பஸ் எங்கே முடிந்தார்?

‘ஆசியாவைத் தேடிப் புறப்பட்ட கொலம்பஸ் அமெரிக்காவில் முடிவடைந்தார்.’ பக்கத்து வீட்டுப் பையன் படித்துக்கொண்டிருந்த பொது அறிவுக் குறிப்பில் இருந்த வரி இது. “அங்கேயே செத்துட்டாரா அங்கிள்?” என்று கேட்டான். அவன்மேல் தப்பே இல்லை. கொலம்பஸ் 1492இல் பஹாமாஸ் தீவு ஒன்றில் கரையேறினார், உண்மைதான். ஆனால் அவர் இறந்தது 1506இல், ஸ்பெயினில்.

எல்லாம் ஆங்கிலத்து ‘எண்ட் அப்’பை (end up) அப்படியே சொல்லுக்குச் சொல் தமிழாக்குவதால் வரும் வினை. டப்பிங் தொடர்களிலும் வசன வரிகளிலும் இதே கூத்துதான். ‘அவன் சிறையில் முடிந்தான்’ என்று போட்டிருந்தார்கள்; அடுத்த காட்சியில் ஆள் தட்டை வைத்துக்கொண்டு சாப்பிடுகிறான்.

‘எண்ட்’ என்பது நாம் ‘ஆதி அந்தம்’ என்கிறோமே, அந்த வடமொழி அந்தத்துக்கு ஒன்றுவிட்ட உறவு. இரண்டுக்கும் வேர் ஒன்று. ‘அப்’புக்கு இங்கே மேலே என்று பொருள் இல்லை. ‘ஈட் அப்’ என்றால் தின்றுவிடு. கிட்டத்தட்ட நம் ‘விடு’ செய்கிற வேலை. இரண்டும் சேர்ந்தால், நினைத்தது ஒன்று, வந்து நின்றது இன்னொன்று என்று ஆகிறது.

தமிழில் காரியம் முடியும், கூட்டம் முடியும், பேச்சு சண்டையில் போய் முடியும். ஆள் முடிய மாட்டான். முடிந்தால் பாடை கட்ட வேண்டியதுதான்.

சரி, ‘முடிவடைந்தார்’ வேண்டாம் என்கிறவர்கள் கொண்டுவருவது ‘இறுதியில் சென்றடைந்தார்’. பார்க்கக் கண்ணியமாக இருக்கிறது, எனக்கு இதுதான் இன்னும் எரிச்சல். அடைவது என்றால் குறி வைத்துப் போய்ச் சேர்வது. மதுரைக்கு டிக்கெட் எடுத்தவர் மதுரையைச் சென்றடைவார். தூங்கிப்போய்த் திருநெல்வேலியில் கண் விழித்தவரும் ‘சென்றடைந்தார்’ என்றால் டிக்கெட் எதற்கு? ‘எண்ட் அப்’பின் உயிரே அந்தத் தவறிப்போன குறியில்தான் இருக்கிறது. ‘சிறையைச் சென்றடைந்தார்’ என்று படித்தால் ஏதோ வேண்டுதல் வைத்துப் போனவர் மாதிரி இருக்கிறது. ‘போய்ச் சேர்ந்தார்’ பரவாயில்லை. ஆனால் ஊர்ப்பெயரை விட்டுவிட்டால் அதுவும் சாவுச் செய்தி.

இத்தனைக்கும் புதுச்சொல்லே தேவையில்லை. ‘போய்’ என்று ஒரு சின்னச் சொல் நம்மிடம் காலங்காலமாக இருக்கிறது. பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்தது. இதைவிட நல்ல ‘எண்ட் அப்’ ஆங்கிலத்திலேயே கிடையாது என்பேன். முடிந்தது பிடித்த காரியம், பிடித்தவர் அல்ல என்பதையும் கவனியுங்கள். செருப்பு வாங்கப் போய்ப் புடவையோடு வந்தாள். டாக்டராக நினைத்தவர் கடைசியில் வாத்தியாரானார். குடித்துக் குடித்து ஆஸ்பத்திரியில் போய் விழுந்தார். இடத்துக்கு ஏற்ப வினை மாறும். ஒரே சொல்லை எல்லா இடத்திலும் ஒட்டவைக்கத் தேவையில்லை.

மொழிபெயர்ப்பவர்கள் அகராதியில் ‘எண்ட்’டுக்கு எதிரே முதலில் இருப்பதை எடுத்துப் போட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுகிறார்கள். எழுதியதை ஒரு தடவை வாய்விட்டு, வீட்டில் யாரிடமாவது படித்துக் காட்டினால் போதும். பையன் கேட்ட கேள்வியை அங்கேயே யாராவது கேட்டிருப்பார்கள்.

அவன் நோட்டில் ‘ஆசியாவுக்கென்று கிளம்பிய கொலம்பஸ் கடைசியில் அமெரிக்காவில் போய் இறங்கினார்’ என்று திருத்திக் கொடுத்தேன். படித்துப் பார்த்துவிட்டு, “குறிப்புல இருக்கிற மாதிரி எழுதினாத்தான் அங்கிள் மார்க்” என்று அழித்துவிட்டான்.