மாத்திரைக்கு உதவி உண்டு, லெவல் டெஸ்டைக் கேட்டு வாங்குங்கள்

மத்திய அரசின் தேசிய உறுப்பு மாற்றுத் திட்டத்தில், வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்கு, மாற்று அறுவை சிகிச்சைக்குப் பிறகு சாப்பிடும் எதிர்ப்புசக்தியை அடக்கும் மருந்துகளுக்காக மாதம் 10,000 ரூபாய் வரை உதவி கிடைக்கும். இது உச்சவரம்பு, எல்லோருக்கும் முழுத் தொகை என்று பொருளில்லை. அறுவை சிகிச்சைக்கே உதவும் ராஷ்டிரிய ஆரோக்கிய நிதி (15 லட்சம் வரை) வேறு, இது வேறு. மருத்துவமனையில் உறுப்பு மாற்று ஒருங்கிணைப்பாளர் இருப்பார். டிஸ்சார்ஜ் ஆவதற்கு முன்பே அவரிடம் பேசிவிடுங்கள்.

பேசும்போது இன்னொன்றையும் கேளுங்கள். இந்த உதவி மருந்துக்கானது. ரத்தத்தில் மருந்தின் அளவைப் பார்க்கும் லெவல் டெஸ்ட் எங்கே எடுக்கப்படும், யார் செலவு என்பதைத் தனியாகக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். எதிர்ப்புசக்தியை அடக்கும் மருந்துகளான டாக்ரோலிமஸ், சைக்ளோஸ்போரின் இரண்டுக்கும் இந்த டெஸ்ட் இல்லாமல் சரியான அளவைக் கண்டுபிடிக்கவே முடியாது. ஒரே மில்லிகிராம் ஒருவருக்குப் போதாது, இன்னொருவருக்கு அதிகம். குறைந்தால் உடல் புது உறுப்பை நிராகரிக்கும். கூடினால் கை நடுங்கும், சர்க்கரை ஏறும், சிறுநீரகம் மாற்றியவருக்கு எந்தச் சிறுநீரகத்தைக் காப்பாற்ற மருந்து தருகிறோமோ அதுவே கெடும்.

டாக்ரோலிமஸ் லெவலுக்கு, காலை மாத்திரை போடாமல் போக வேண்டும். முந்தைய இரவு 9 மணிக்குப் போட்டிருந்தால் காலை 9 மணிக்கு ரத்தம், அதன் பிறகே மாத்திரை. வீட்டிலிருந்து கிளம்பும்போது பழக்கத்தில் வாயில் போட்டுவிடுவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. அப்போது லெவல் பொய்யாக உயர்ந்து காட்டும். அதை நம்பி அளவைக் குறைத்தால் நிராகரிப்பில் போய் முடியலாம். போட்டுவிட்டால் மறைக்காமல் சொல்லி, வேறு நாள் எடுத்துக்கொள்ளுங்கள். மாத்திரை டப்பாவைக் கையோடு கொண்டுபோங்கள். கடைசியாகப் போட்ட நேரம், ரத்தம் எடுத்த நேரம் இரண்டையும் சீட்டில் எழுதச் சொல்லுங்கள். மருந்து பெரும்பாலும் சிவப்பணுக்களுக்குள் இருப்பதால் ஊதா மூடிக் குழாயில் முழு ரத்தமாகவே அனுப்ப வேண்டும். சீரம் (ரத்தத்தின் தெளிந்த நீர்ப்பகுதி) பிரித்தால் பயனில்லை. முடிந்தவரை ஒரே லேபில் எடுங்கள், டெஸ்ட் செய்யும் முறை மாறினால் எண்ணும் மாறும்.

சைக்ளோஸ்போரினுக்குச் சில மருத்துவர்கள் மாத்திரை போட்ட இரண்டு மணி நேரம் கழித்துப் பார்ப்பார்கள். அங்கே கால் மணி நேரத்துக்கு மேல் முன்பின் ஆகக் கூடாது.

இலவசமாக மருந்து வாங்குபவர்கள் குறிப்பாகக் கவனிக்க வேண்டியது: இந்த மாதம் தரும் மாத்திரை அட்டையில் கம்பெனி பெயர் மாறியிருக்கலாம், கம்பெனி மாறினால் லெவலும் மாறலாம். கவுன்டரை விட்டு நகரும் முன் பழைய காலி அட்டையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். மாறியிருந்தால் மருத்துவரிடம் சொல்லி லெவல் டெஸ்ட் கேளுங்கள், அது உங்கள் நியாயமான தேவை. நாளுக்கு இருமுறை போடும் டாக்ரோலிமஸுக்குப் பதில் ஒருமுறை போடும் வகை வந்திருந்தால், மருத்துவர் சொல்லாமல் தொடவே வேண்டாம்.

காசநோய்க்குத் தரும் ரிஃபாம்பிசின் லெவலை வெகுவாக இறக்கிவிடும். வலிப்புக்கான ஃபெனிடோயினும் அப்படியே. பூஞ்சைத் தொற்றுக்கான ஃப்ளுகோனசோல், பாக்டீரியா தொற்றுக்கான கிளாரித்ரோமைசின் ஏற்றிவிடும். நான்கு நாள் வயிற்றுப்போக்கு இருந்தாலும் டாக்ரோலிமஸ் ஏறும். இவற்றில் எது வந்தாலும் அடுத்த தேதிவரை காத்திருக்காமல் உறுப்பு மாற்று சிகிச்சைப் பிரிவுக்கு அன்றே தகவல் சொல்லுங்கள். வேறு மருத்துவர் புது மருந்து எழுதினால், முதல் மாத்திரை போடும் முன்பே.