புது ஏர்கன் இறுக்கமாகத்தான் இருக்கும், எண்ணெய் ஊற்றாதீர்கள்

மறுபடியும் அதே கதை. உச்சிப்புளிப் பக்கத்திலிருந்து ஒரு தம்பி புது ஏர்கன், அதாவது காற்றுத் துப்பாக்கி, ஒன்றைக் கொண்டுவந்து என் ரிப்பேர் மேசையில் வைத்தார். பேரலை மடக்கி லோடு செய்கிற வகை. "அண்ணே, வாங்கி ஒரு வாரம்கூட ஆகலண்ணே. மொதல்ல ரொம்ப டைட்டா இருந்துச்சு. இப்ப குண்டு எதுத்த சுவருக்கே போக மாட்டேங்குது." உள்ளே என்ன ஊற்றினீர்கள் என்று மட்டும் கேட்டேன். கொஞ்ச நேரம் தரையைப் பார்த்தார். "தேங்காண்ணெதாண்ணே."

பிரித்துப் பார்த்தால் பிஸ்டன் தலையில் காற்று கசியாமல் அடைக்கும் வாஷரின் ஓரம் முழுக்கக் கருகியிருக்கிறது. நகத்தால் சுரண்டினால் பொடிப்பொடியாக உதிர்கிறது. சிலிண்டர் சுவரில் பழுப்பாகப் பிசுபிசுவென்று ஒரு படிவு, கூடவே கருகிய எண்ணெய் நாற்றம். ஸ்பிரிங்கில் ஒரு சுற்று உடைந்து கிடக்கிறது. வாஷர் போனதால் பிஸ்டனின் இரும்பே உரசி, சிலிண்டருக்குள் நீளமாக ஒரு கோடு கிழித்துவிட்டது. வாஷரையும் ஸ்பிரிங்கையும் மாற்றலாம். அந்தக் கோட்டை என்னால் ஒன்றும் செய்ய முடியாது. கடையிலிருந்து வந்தபோது அந்தத் துப்பாக்கியில் ஒரு குறையும் இருந்திருக்காது என்பதுதான் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

புதிதில் இறுக்கம் ஒரு கோளாறே இல்லை. ஸ்பிரிங் புதிது, வாஷர் புதிது, மடங்கும் கீல் புதிது, பேரலைப் பூட்டிப் பிடிக்கும் கொக்கியும் புதிது. இவை ஒன்றோடொன்று உரசி இடம் பிடிக்க 200 முதல் 500 குண்டு வரை ஆகும். புதுச் செருப்பு கடிக்கிறது என்று யாராவது அதைக் கத்தியால் செதுக்குகிறார்களா? நாலு நாள் போட்டு நடக்கிறோம், தானாகச் சரியாகிறது.

எண்ணெய் விட்டால் இளகும் என்கிற நம்பிக்கையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இங்கே வரும் ரிப்பேரில் பாதி இதனால்தான். பேரலை மடக்கும்போது உங்கள் கை தள்ளுவது ஸ்பிரிங்கை. அந்த ஸ்பிரிங்கின் பலம்தான் உங்களுக்கு இறுக்கமாகத் தெரிகிறது. ஒரு லிட்டர் எண்ணெய் ஊற்றினாலும் ஸ்பிரிங்கின் பலம் குறையாது. அப்படியிருக்க எண்ணெய் எதை இளக்கும்?

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். அந்தக் காலத்து ஏர்கன்களில் தோல் வாஷர் இருந்தது. தோல் காய்ந்தால் சுருங்கும், காற்று கசியும். அதனால் எப்போதாவது ஒன்றிரண்டு சொட்டு எண்ணெய் விட்டு, துப்பாக்கியை நிமிர்த்தி வைத்து ஊறவிடுவார்கள். உங்கள் மாமாவோ சித்தப்பாவோ சொன்னது அந்தத் துப்பாக்கிக்குச் சரி. ஏர்வாடி சந்தனக்கூட்டிலும் கோயில் திருவிழாக்களிலும் பலூன் சுடும் கடை போடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். தோல் வாஷருக்கே அவர்கள் சொட்டுக் கணக்கில்தான் விடுவார்கள். இன்றைக்கு விற்கும் துப்பாக்கிகளில் பெரும்பாலும் செயற்கை வாஷர். அது எண்ணெயைக் குடிக்காது. ஊற்றிய எண்ணெய் பிஸ்டனுக்கு முன்னால் அப்படியே நிற்கும். ட்ரிகரை அழுத்தியதும் பிஸ்டன் பாய்ந்து காற்றை நசுக்குகிறது, நசுங்கிய காற்று சூடேறி எண்ணெய் பற்றிக்கொள்கிறது. டீசல் இன்ஜினும் இப்படித்தான் ஓடுகிறது. பாம்பனிலும் மண்டபத்திலும் டீசல் படகு ஓட்டுகிறவர்கள் இத்தனை பேர் இருக்கும்போது இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை.

அந்தத் தம்பிக்கு முதல் நாள் டமார் என்று வெடித்ததாம். பவர் ஏறிவிட்டது என்று சந்தோஷப்பட்டிருக்கிறார். அது பவர் இல்லை தம்பி. உள்ளே எரிந்த நெருப்பு பிஸ்டனைப் பின்னால் உதைக்கிறது. அந்த அடி வாஷரைக் கருக்கும், ஸ்பிரிங்கை உடைக்கும். தேங்காய் எண்ணெய், தையல் மிஷின் எண்ணெய், இன்ஜின் ஆயில், மண்ணெண்ணெய், துரு நீக்கும் ஸ்பிரே, எதுவாக இருந்தாலும் இதே கதிதான். எரியக்கூடிய எதுவும் சிலிண்டருக்குள் போகக் கூடாது. புதுத் துப்பாக்கியில் முதல் சில குண்டுகளுக்குக் கொஞ்சம் புகை வரலாம், கம்பெனியில் தடவிய எண்ணெய் எரிகிறது, அது அடங்கிவிடும். அடங்காமல் ஒவ்வொரு தடவையும் வெடித்தால் சுடுவதை நிறுத்துங்கள்.

எண்ணெய்க்கு அடுத்த தப்பு, ஸ்பிரிங்கைப் பழக்குகிறேன் என்று ராத்திரி முழுக்க மடக்கியே வைப்பது. ஸ்பிரிங் தளர்ந்துபோகும், போன பலம் திரும்ப வராது. வீட்டில் குழந்தை இருந்தால் அதைவிடப் பெரிய ஆபத்து அந்த ட்ரிகர். லேத் பட்டறையில் கொடுத்து ஸ்பிரிங்கில் இரண்டு சுற்று வெட்டிக்கொண்டு வருகிறவர்களும் உண்டு. வெட்டிய முனை சமமாக உட்காராது, பிஸ்டன் கோணலாக ஓடும். அதற்கு முன்னால் இன்னொன்று: ஸ்பிரிங் உள்ளே எப்போதும் அழுத்தத்தில்தான் இருக்கிறது. கிளாம்ப் போடாமல் பின் மூடியைக் கழற்றினால் மூடி நேராக முகத்துக்கு வரும். யூடியூப் பார்த்து வீட்டில் பிரிக்காதீர்கள். ஸ்பிரிங்குக்குப் பதிலாக அழுத்திய வாயு அடைத்த உருளை இருக்கும் கேஸ் பிஸ்டன் வகையாக இருந்தால் நானே அந்த உருளையைத் திறக்கமாட்டேன், அப்படியே முழுசாகத்தான் மாற்றுவேன்.

சரி, என்னதான் செய்வது? முதலில் பேரலைத் துடையுங்கள். மீன்பிடி நரம்பை மடித்து, நடுவில் சின்னப் பருத்தித் துணியைக் கட்டி, குண்டு போடும் பக்கத்திலிருந்து வாய்ப்பக்கமாக இழுங்கள். துணி சுத்தமாக வரும்வரை போதும். இரும்பு பிரஷ் வேண்டாம். கீலிலும் மடக்குக் கம்பி உரசும் இடத்திலும் மட்டும் நல்ல கிரீஸைப் பொட்டு வைக்கிற அளவுக்குத் தடவலாம். கொக்கி பிடித்துக்கொண்டு பேரல் மடங்க மறுத்தால், வாய்ப்பக்கத்தை உள்ளங்கையால் ஒரு தட்டு தட்டுங்கள், மடங்கும். முன் குறிமுள் கையைக் கிழிக்கும், துணி சுற்றிக்கொள்ளுங்கள். சுவரிலோ முழங்காலிலோ வைத்து முறிக்க வேண்டாம். துப்பாக்கிக் கட்டையின் பின்பக்கத்தைத் தொடையில் ஊன்றி, பேரலின் நுனியைப் பிடித்து ஒரே சீராக இழுத்தால் கொஞ்சம் மெலிந்த ஆளுக்கும் முடியும். கீலுக்குப் பக்கத்தில் பிடித்து மல்லுக்கட்டிவிட்டு "டைட்" என்று சொல்லக் கூடாது.

அப்புறம் நிதானமாகச் சுட்டுக்கொண்டே போக வேண்டியதுதான். முதல் நூறு குண்டு வரை குறி அங்கும் இங்கும் போகும். அதற்காகக் குறிமுள்ளைத் திருகிக்கொண்டே இருக்காதீர்கள். கட்டையை இறுக்கிப் பிடிக்காமல் இலேசாகத் தாங்குங்கள், ஸ்பிரிங் துப்பாக்கி முன்னும் பின்னும் உதைக்கும், அதை அதன் போக்கில் விட்டால்தான் குண்டு ஒரே இடத்தில் விழும். அந்த உதையில் கட்டையின் ஸ்க்ரூக்கள் தளரும், 50 குண்டுக்கு ஒருமுறை பார்த்து முடுக்குங்கள். குறி சரியில்லை என்று வருகிறவர்களில் பலருக்கு நான் ஸ்க்ரூவை முடுக்கிக் கொடுத்து அனுப்புவதோடு சரி.

குண்டு இல்லாமல் சும்மா சுட்டுப் பார்க்காதீர்கள், பிஸ்டன் இரும்போடு இரும்பாகப் போய் மோதும். சைக்கிள் பால்ரஸ் போட்டுச் சுடவே சுடாதீர்கள். பேரலுக்குள் இருக்கும் வரிகளை அது அழித்துவிடும், அதைவிட மோசம், கல்லில் பட்டுத் திரும்பி உங்கள் கண்ணுக்கே வரும். ஈயக் குண்டும் சுவரில் பட்டால் தெறிக்கும். ஒரு சாக்கில் மணல் கட்டிப் பின்னால் வையுங்கள். நம்ம ஊரில் மணலுக்கா பஞ்சம்? கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள்.

விரல் விஷயம். இதைக் கெஞ்சியே கேட்கிறேன். பேரல் மடங்கியிருக்கும்போது ட்ரிகர் பட்டுவிட்டால் பேரல் நொடியில் மேலே அடிக்கும். மலிவான துப்பாக்கிகள் பலவற்றில் அதைத் தடுக்கும் பூட்டு கிடையாது, இருந்தாலும் அதை நம்ப முடியாது. குண்டு வைக்கும் விரல் அந்த இடுக்கில் இருந்தால் துண்டாகிவிடும். வலை இழுக்கிற, மிளகாய் பறிக்கிற கை உங்களுடையது. குண்டு வைத்து மூடும்வரை இன்னொரு கையால் பேரலைப் பிடித்த பிடி விடாதீர்கள். அந்த நேரத்தில் ட்ரிகர் பக்கம் எந்த விரலும் போகக் கூடாது, பக்கத்தில் நிற்கும் பிள்ளையின் விரலும்தான்.

கடற்கரை ஊர் என்பதால் இன்னொன்று. உப்புக்காற்றில் இரண்டே நாளில் பேரலில் செம்புள்ளி விழும். சுட்டு முடித்ததும் வியர்வைக் கை பட்ட இடங்களை எண்ணெய் தொட்ட துணியால் துடையுங்கள். எண்ணெய்க்கு இங்கேதான் வேலை, வெளியே. ரெக்சின் உறையில் போட்டு மாதக்கணக்கில் மூடி வைத்தால் உள்ளே ஈரம் தங்கித் துரு இன்னும் வேகமாக ஏறும். தனுஷ்கோடிப் பக்கம் கொண்டுபோய் மணலில் கிடத்தினால், கீலில் ஏறிய மணல் ஒவ்வொரு மடக்கலுக்கும் அரைத்துக்கொண்டே இருக்கும்.

பறவையைச் சுடத்தான் வாங்கினேன் என்று சொல்கிறவர்களின் துப்பாக்கியை நான் தொடுவதில்லை. சக்கரக்கோட்டை, தேர்த்தங்கல், காஞ்சிரங்குளம், சித்திரங்குடி என்று கண்மாய்க்குக் கண்மாய் சரணாலயம் இருக்கும் மாவட்டம் இது. மிளகாய்க் காட்டில் இறங்கும் மயிலும் 1972 வனவிலங்குச் சட்டத்தில் முதல் அட்டவணையில் இருக்கிறது, சிறைக்குத்தான் போக வேண்டும். 2016 ஆயுத விதிகளின்படி 4.5 மி.மீ. துளைக்கும் 20 ஜூல் ஆற்றலுக்கும் மிகாத ஏர்கனுக்குத்தான் உரிமம் தேவையில்லை. 5.5 மி.மீ. துப்பாக்கியை உரிமம் இல்லாமல் என்னிடம் கொண்டுவராதீர்கள்.

மற்றபடி, சத்தம் திடீரென்று மாறினாலோ, மடக்கும்போது உள்ளே கரகரவென்று கேட்டாலோ, 500 குண்டு தாண்டியும் கொஞ்சமும் இளகாவிட்டாலோ, எதையும் ஊற்றாமல், எதையும் கழற்றாமல் கொண்டுவாருங்கள். உள்ளே குண்டு இருந்தால் மணல் சாக்கில் சுட்டுக் காலி செய்துவிட்டு, உறையில் போட்டுக் கொண்டுவாருங்கள். பஸ்ஸில் வெறுமனே தோளில் மாட்டி வர வேண்டாம், பக்கத்து சீட்டில் இருப்பவருக்கு அது ஏர்கன் என்று தெரியாது.