எல்லையோரத்தில் குடியேறுகிறீர்களா? வீட்டுக்கு முன் பிள்ளையின் வகுப்பைப் பாருங்கள்

வேலை கேரளத்தின் கஞ்சிக்கோட்டில் கிடைத்தாலும் சரி, கோவையின் தெற்கு ஓரத்தில் கிடைத்தாலும் சரி, குடும்பத்தோடு வருகிறவர்களுக்கு முதலில் எழும் கேள்வி தமிழ்நாடு-கேரள எல்லையான வாளையாருக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா என்பதுதான். தேசிய நெடுஞ்சாலை 544-ஐ ஒட்டி மதுக்கரை, எட்டிமடை, நவக்கரை, க.க.சாவடி, வாளையார், கஞ்சிக்கோடு என்று வரிசையாக ஊர்கள். தெற்கே வேலந்தாவளம் தாண்டினால் கேரளத்தின் கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேம்பதி. இரண்டு பக்கமும் தமிழ் பேசும் ஊர்கள் என்பதால் பலரும் வாடகையையும் சென்ட் விலையையும் மட்டும் ஒப்பிட்டு அட்வான்ஸ் கொடுத்துவிடுகிறார்கள். பத்திரமும் சான்றுகளும் பார்த்துக் கொடுக்கும் எங்கள் வேலையில் ஒன்றைத் திரும்பத் திரும்பக் காண்கிறோம். வீட்டு விஷயத்தில் ஏமாந்தவர்களை விட, பிள்ளையின் படிப்புக் கணக்கு எந்த மாநிலத்தில் ஏறுகிறது என்று பார்க்காமல் வந்து தவிப்பவர்கள் அதிகம்.

ஆறாம் வகுப்பு என்ற கோடு

தமிழ்நாட்டில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020-ல் வந்தது. அடுத்த ஆண்டு பொறியியல் உள்ளிட்ட தொழிற்படிப்புகளுக்கும் விரிந்தது. ஆறு முதல் பன்னிரண்டு வரை தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும் என்பது அதன் அடிப்படை நிபந்தனை. கல்லூரி மாணவிகளுக்கு மாதம் 1000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டமும் ஆறாம் வகுப்பிலிருந்தே கணக்கைத் தொடங்குகிறது. நடுவில் இரண்டு வருடம் கஞ்சிக்கோட்டுப் பள்ளியில் படித்துத் திரும்பினால் அந்தச் சங்கிலி அறுந்துவிடும்.

பொறியியல் கலந்தாய்வில் எட்டு முதல் பன்னிரண்டு வரை இங்கே படித்தவர்களிடம் நேட்டிவிட்டி (பூர்வீகச்) சான்று கேட்பதில்லை. வெளிமாநிலத்தில் படித்த தமிழ்நாட்டுப் பிள்ளை அதை வாங்கியாக வேண்டும். கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், வட்டாட்சியர் என்று விண்ணப்பம் நகர்வதற்குள் கலந்தாய்வுத் தேதி நெருங்கிவிடும். பன்னிரண்டாம் வகுப்பு தொடங்கும்போதே விண்ணப்பித்து வைத்துக்கொள்ளுங்கள்.

இதைவிடப் பெரிய விஷயம் சாதிச் சான்று. தமிழ்நாட்டில் பி.சி., எம்.பி.சி. பட்டியலில் இருக்கும் சமூகம் கேரளப் பட்டியலில் இல்லாமல் போகலாம். இரண்டு பட்டியலிலும் பெயர் இருந்தாலும், வேறு மாநிலத்துக்குக் குடிபெயர்ந்த பட்டியல் சாதியினர் போன இடத்தின் மாநில ஒதுக்கீட்டைக் கோர முடியாது என்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 1990-லேயே தீர்ப்பளித்துவிட்டது. ‘அங்கேயும் நம்ம ஆளுங்க நிறைய இருக்காங்க’ என்பதை நம்பி யாரும் முடிவெடுக்க வேண்டாம்.

ஆகவே எங்கள் யோசனை இது. மூத்த பிள்ளை ஆறுக்கும் பன்னிரண்டுக்கும் நடுவில் இருந்தால், தமிழ்நாட்டு எல்லைக்குள் வீடு பாருங்கள். பெரியவர்கள் எல்லை தாண்டி வேலைக்குப் போய் வரட்டும். பிள்ளை ஐந்தாம் வகுப்பு அல்லது அதற்குக் கீழே இருந்தால் இரண்டு பக்கமும் சரிதான். ஆனால் ஆறில் சேர்ப்பதற்குள் எந்த மாநிலம் என்பது உறுதியாகிவிட வேண்டும். கேரளத்திலேயே நிலைத்துவிடுவதாக இருந்தால் முதல் வகுப்பிலிருந்தே மலையாளம் படிக்கட்டும். ஏழாம் வகுப்பில் புதிதாக எழுத்துப் பழகும் பிள்ளை மற்றப் பாடங்களிலும் பின்தங்கும்.

கேரளத்தில் பாலக்காடு மாவட்டத்தின் சித்தூர் வட்டத்தில் தமிழ்வழிப் பள்ளிகள் உண்டு. போர்டைப் பார்த்துத் திருப்தி அடையாமல் மூன்று கேள்வி கேளுங்கள். தமிழ்வழி எந்த வகுப்பு வரை? கணிதம், அறிவியலுக்குத் தமிழில் நடத்தும் ஆசிரியர் இப்போது பணியில் இருக்கிறாரா? பத்து முடித்ததும் பிளஸ் ஒன் தமிழில் படிக்க எந்த ஊருக்குப் போக வேண்டும்? மூன்றாவது கேள்விக்குத் தெளிவான பதில் கிடைக்காவிட்டால் அந்தப் பள்ளியை நம்பி வீடு பார்க்காதீர்கள்.

தண்ணீர்: இரண்டு கணக்கு

கோவையின் பெருமையான சிறுவாணி அணை இருப்பது பாலக்காடு மாவட்டத்தில். கோவைக்குத் தண்ணீர் தர 1973-ல் இரு மாநிலமும் ஒப்பந்தம் போட்டன. மழை குறைந்தாலோ, அணையில் நீர்மட்டத்தைக் குறைத்து வைத்தாலோ குழாயில் அது தெரியும். ஆகவே தரகர் ‘நல்ல தண்ணி வருதுங்க’ என்றால் சிறுவாணியா, பில்லூரா, ஆழியாறா என்று கேளுங்கள். எத்தனை நாளுக்கு ஒருமுறை, எத்தனை மணி நேரம் என்று பக்கத்து வீட்டு அம்மாவிடம் கேளுங்கள். ஏப்ரலில் எப்படி என்று தனியாகக் கேளுங்கள். வாரத்துக்கு ஒருமுறை, பத்து நாளுக்கு ஒருமுறை என்பதெல்லாம் புறநகரில் புதிதல்ல.

நகர்ப்புறக் குடிநீர்த் திட்டங்களில் ஒருவருக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்று கணக்கிடுகிறார்கள். நான்கு பேருக்கு 540 லிட்டர், பத்து நாளுக்கு 5400. இரண்டு மீட்டர் நீளம், இரண்டு மீட்டர் அகலம், ஒன்றரை மீட்டர் ஆழமுள்ள தொட்டி 6000 லிட்டர் பிடிக்கும். வீடு பார்க்கும்போது தொட்டி மூடியைத் திறந்து டேப்பால் அளந்துவிடுங்கள். நல்ல தண்ணீருக்கும் ஆழ்துளைக் கிணற்று உப்புத் தண்ணீருக்கும் தனித்தனித் தொட்டி, தனித்தனிக் குழாய் இருக்கிறதா என்பது அதைவிட முக்கியம். குடிக்க, சமைக்க நாளுக்கு 40 லிட்டர் போதும். பத்து நாளுக்கு 400. நல்ல தண்ணீருக்கென்று 1000 லிட்டர் தொட்டி தனியாக இருந்தால் கோடையைச் சமாளிக்கலாம். ஒரே தொட்டியில் இரண்டையும் கலந்து விடும் வீட்டில் குடிக்கக் கேன் தண்ணீர்தான்.

மதுக்கரை சுண்ணாம்புக்கல் பூமி. அங்கே நெடுங்காலமாகச் சிமென்ட் ஆலை நடப்பதே அதனால்தான். நிலத்தடி நீரில் கடினத்தன்மை கூடும். குளியலறைக் குழாயின் வாயையும் ஹீட்டரின் அடியையும் பாருங்கள். வெள்ளையாகக் கெட்டிப்பட்ட படிவு இருந்தால் விளக்கம் தேவையில்லை. கையில் பிடிக்கும் டி.டி.எஸ். மீட்டர் மொத்த உப்பை மட்டும் காட்டும். புளோரைடையும் நைட்ரேட்டையும் காட்டாது. குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் கொடுங்கள். மோட்டாரைப் பத்து நிமிடம் ஓடவிட்டு, அதே தண்ணீரில் இரண்டு மூன்று முறை கழுவிய இரண்டு லிட்டர் கேனில் பிடிக்க வேண்டும். கிருமிச் சோதனைக்கு ஆய்வகமே தரும் பாட்டிலில்தான் பிடிக்க வேண்டும். அன்றே கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். இந்தியத் தர நிர்ணயப்படி ஒரு லிட்டரில் மொத்த உப்பு 500 மில்லிகிராம், வேறு வழியில்லாதபோது 2000 வரை. கடினத்தன்மை 200, வேறு வழியில்லாதபோது 600 வரை. புளோரைடு 1.5-ஐத் தாண்டக் கூடாது. நைட்ரேட் 45-ஐத் தாண்டினால் கைக்குழந்தை உள்ள வீட்டுக்கு அந்தத் தண்ணீர் வேண்டவே வேண்டாம். காய்ச்சினாலும் அது போகாது.

கேரளம் என்றாலே தண்ணீருக்குப் பஞ்சமில்லை என்று நினைத்துக் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் போகிறவர்கள் உண்டு. அது மழை குறைந்த கிழக்கு ஓரம். பெருமாட்டி பஞ்சாயத்தின் பிளாச்சிமடையில் நிலத்தடி நீருக்காக மக்கள் போராடி, 2004-ல் குளிர்பான ஆலை நின்றது இதே சித்தூர் வட்டத்தில்தான்.

காகிதம்

தமிழ்நாட்டுப் பக்கம் மனை வாங்குவதாக இருந்தால் பட்டா, புல வரைபடம், 30 வருட வில்லங்கச் சான்று என்பது எல்லோருக்கும் தெரிந்த பட்டியல். இங்கே கூடுதலாகப் பார்க்க வேண்டியது மலைப்பகுதி கட்டுப்பாடு. மலையை ஒட்டிய பல கிராமங்கள் 1990 முதல் ‘ஹாக்கா’ எனப்படும் மலைப்பகுதிப் பாதுகாப்பு ஆணையத்தின் எல்லைக்குள் வருகின்றன. அங்கே வழக்கமான நகர் ஊரமைப்பு (டி.டி.சி.பி.) நடைமுறையோடு ஹாக்கா ஒப்புதலும் வேண்டும். ஊராட்சியின் கையெழுத்து மட்டும் போதாது. கிராமத்தின் பெயரையும் சர்வே எண்ணையும் எழுதிக்கொண்டு நகர் ஊரமைப்பு அலுவலகத்திலேயே கேட்டுவிடுங்கள். அங்கீகாரமில்லாத மனையை ‘பிறகு வரன்முறை செய்துக்கலாம்’ என்பார்கள். அந்த வாய்ப்பு 2016 அக்டோபர் 20-க்கு முன் உருவான மனைகளுக்காகக் கொண்டுவரப்பட்டது.

கேட் போட்ட குடியிருப்பு என்றால் ஒரு தாளைக் கேளுங்கள்: சாலைகளும் பூங்கா இடமும் உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுக்கப்பட்டனவா? 3000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில் பத்து சதவீதம் திறந்தவெளி ஒதுக்க வேண்டும். அந்தப் பத்திரம் முடியாத இடத்தில் தெருவிளக்கும் குடிநீர்க் குழாயும் கேட்டுப் போனால் ‘அது தனியார் ரோடு’ என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். புல வரைபடத்தில் மனை வழியாகவோ ஓரமாகவோ ஓடை போகிறதா என்றும் பாருங்கள். வருடத்தில் பத்து மாதம் வறண்டு கிடக்கும் பள்ளம் ஒரே மழையில் வாசலுக்கு வந்துவிடும்.

கேரளப் பக்கம் வேறு பாடம். அங்கே அடிப்படை வரிப் பதிவேட்டில் ‘புரயிடம்’ என்று இருந்தால் வீடு கட்டலாம். ‘நிலம்’ என்று இருந்தால் அது நெல்வயல். 2008-ம் ஆண்டின் நெல்வயல், சதுப்புநிலப் பாதுகாப்புச் சட்டப்படி தயாரித்த டேட்டா பேங்க் என்ற நெல்வயல் பட்டியலில் அந்த சர்வே எண் இருந்தால், கண்ணுக்குத் தென்னந்தோப்பாகவே தெரிந்தாலும் சாதாரணமாகக் கட்டட அனுமதி கிடைக்காது. கிராம அலுவலகத்திலும் கிருஷி பவன் என்ற வேளாண் அலுவலகத்திலும் இரண்டையும் சரிபார்த்த பிறகே அட்வான்ஸ். கரம் (நிலவரி) கட்டிய ரசீது, தண்டப்பேர் (நிலவரிக் கணக்கு) எண், கைவசச் (அனுபவ உரிமைச்) சான்று, குடிக்கடச் (வில்லங்கச்) சான்று இவை அங்கே கேட்க வேண்டிய தாள்கள். பரப்பளவு ஆர் கணக்கில் இருக்கும். ஒரு ஆர் 2.47 சென்ட். பதிவுச் செலவு தமிழ்நாட்டில் 9 சதவீதம், கேரளத்தில் 10. பெரும்பாலும் வங்கிக் கடனில் இது சேராது, கையிலிருந்துதான் போகும்.

யானையும் காற்றும்

மதுக்கரைக்கும் வாளையாருக்கும் இடையே ரயில் பாதை காட்டுக்குள் போகிறது. 2021 நவம்பரில் நவக்கரை அருகே ஒரே ரயிலில் மூன்று யானைகள் அடிபட்டு இறந்தன. 2024-ல் வனத்துறை அங்கே செயற்கை நுண்ணறிவுக் கேமராக் கோபுரங்கள் அமைத்தது. நாம் கவனிக்க வேண்டியது, பாதையைக் கடக்கும் யானை இரண்டு புறமும் நடமாடுகிறது என்பதை. மலையடிவார வில்லா விளம்பரத்தில் இது வராது. மதுக்கரை வனச்சரக அலுவலகத்தில் கேளுங்கள். அதிகாலையில் பால் கொண்டுவருகிறவரிடம் எத்தனை மணிக்குக் கிளம்புகிறார், எந்த மாதங்களில் தள்ளிக் கிளம்புகிறார் என்று கேளுங்கள். அங்கேதான் வீடு என்று முடிவானால் வாழை, பலா வைக்காதீர்கள், அரிசியைப் பின்கட்டில் அடுக்காதீர்கள், குப்பையை இரவில் வெளியே போடாதீர்கள். டியூஷன் முடிந்து இருட்டில் சைக்கிளில் வரும் பிள்ளை இருந்தால் நெடுஞ்சாலையை ஒட்டிய ஊருக்குள் இறங்கிவிடுவதே நல்லது.

பாலக்காட்டுக் கணவாயில் ஜூன் முதல் செப்டம்பர் வரை காற்று மேற்கிலிருந்து. டிசம்பர், ஜனவரியில் கிழக்கிலிருந்து. கஞ்சிக்கோட்டில் இரும்பு ஆலைகளுக்கு அருகில் வீடு என்றால் புகை எந்தப் பருவத்தில் எந்தப் பக்கம் போகும் என்பதை இதை வைத்தே சொல்லிவிடலாம். ஆஸ்துமா உள்ளவர் வீட்டில் இருந்தால் ஆலைக்குக் கிழக்கிலும் வேண்டாம், மேற்கிலும் வேண்டாம். வடக்கிலோ தெற்கிலோ தள்ளிப் பாருங்கள்.

போக்குவரத்தைக் கிலோமீட்டரில் எண்ணாதீர்கள். திங்கட்கிழமை காலை ஏழேகாலுக்கு அந்தத் தெருமுனையில் நின்று, ஸ்கூல் வேன் எத்தனை மணிக்கு வருகிறது, நெடுஞ்சாலையை எங்கே கடக்கிறது என்று பாருங்கள். 2024-ல் உக்கடம் மேம்பாலம் திறந்த பிறகு நகருக்குள் போவது எளிதாகியிருக்கிறது. சுங்கச்சாவடிக்கு 20 கி.மீ.க்குள் வீடு இருந்தால் சொந்தக் காருக்கு உள்ளூர் மாதப் பாஸ் கேட்கலாம். ஒன்றை மறக்க வேண்டாம்: 2020-ல் இ-பாஸ் இல்லாமல் வாளையார் தாண்ட முடியவில்லை, நிபா எச்சரிக்கை வந்தாலும் சோதனை நடக்கிறது. வயதான பெற்றோருக்கு வாரம் இருமுறை டயாலிசிஸ் என்றால் ஆஸ்பத்திரியும் வீடும் ஒரே மாநிலத்தில் இருக்கட்டும்.

கேரளத்துக்குப் போனால் மகளிர் உரிமைத் தொகை, டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம், வீட்டு மின்சாரத்தில் முதல் 100 யூனிட் இலவசம் ஆகியவை கிடைக்காது. வண்டியை 12 மாதத்துக்கு மேல் அங்கே வைத்திருந்தால் என்.ஓ.சி. (தடையில்லாச் சான்று) வாங்கி மறுபதிவு செய்ய வேண்டும். வரியும் அங்கே கட்ட வேண்டும். வாடகை குறைவு என்று தோன்றும்போது இவற்றையும் மாதக் கணக்கில் சேர்த்துப் பாருங்கள்.

எந்தப் பக்கமானாலும் வாங்கும் முன் ஒரு வருடம் அதே ஊரில் வாடகைக்கு இருந்து பாருங்கள். அதில் ஏப்ரல், மே கட்டாயம் அடங்கட்டும். குடிபெயர ஏற்றது மே மாதம். புதிய பள்ளியில் இடம் உறுதி என்று எழுத்தில் வாங்கிய பிறகே பழைய பள்ளியில் டி.சி. கேளுங்கள். மாநிலம் மாறினால் டி.சி.யில் கல்வி அலுவலரின் மேலொப்பம் கேட்கும் பள்ளிகள் உண்டு. கோடை விடுமுறையில் அதற்கு அலைய நேரும், முன்கூட்டியே விசாரித்துவிடுங்கள். தமிழ்நாட்டுப் பள்ளியாக இருந்தால் எமிஸ் என்ற கல்வித் துறையின் கணினிப் பதிவிலிருந்து பிள்ளையின் பெயரை விடுவித்தார்களா என்று அலுவலக அறையிலேயே நின்று பார்த்துவிட்டு வாருங்கள்.